வலது கன்னத்து மரு

சர் ஜெர்வஸின் மரு இடது கன்னத்தில் இருக்க வேண்டியது. வியாழக்கிழமை காலை கடைக்கு வந்த 'காஞ்சொறி' பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அது வலது கன்னத்தில் இருந்தது. நடந்தது அவ்வளவுதான். லண்டனில் அன்றைக்கு இதைவிடப் பெரிய தவறுகள் ஆயிரம் நடந்திருக்கும். ஆனால் இந்த ஒரு தவறுக்காக சைலஸ் டிப்பெட் என்ற படக்காரரின் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அறுபது வயதில், இடம் வலம் தெரியாதவன் என்ற பெயரோடு போகிற படக்காரரை வேறெந்தப் பத்திரிகையும் சேர்த்துக்கொள்ளாது.

எட்மண்ட் பென்ஃபோல்டுக்கு, அதாவது இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பத்திரிகையை நடத்திவரும் ஆசிரியருக்கு, இது வியாழக்கிழமை தெரிந்த சங்கதி இல்லை. சனிக்கிழமை மத்தியானமே தெரியும். மாதிரிப் பிரதி மேசைக்கு வந்தபோது மருவைப் பார்த்தார். பேனாவை மையில் தோய்த்தார். ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வட்டம் போடவில்லை. ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். களைப்பு. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

களைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃப்ளீட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், விலாங்கு மீன் கடைக்கு மேலே இருந்த அறையில், இரண்டு பேர் உட்கார்ந்து முதல் இதழைத் தயாரித்தார்கள். பென்ஃபோல்ட் அப்போது வக்கீல் குமாஸ்தா. நாள் முழுக்கப் பத்திரம் நகலெடுத்து, பெரிய மனிதர்கள் ஊரை எப்படி எழுதி வாங்குகிறார்கள் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர். டிப்பெட் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். சிங்கம் வரையச் சொன்னால் கடைக்காரன் மூஞ்சியோடு சிங்கம் வரைந்துவிட்டு வேலையை இழப்பார். பத்திரிகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தபோது டிப்பெட்தான், "தொட்டவனுக்கு அரிக்கணும்ப்பா" என்றார். அதனால் அரிக்கும் செடியின் பெயர், 'காஞ்சொறி'. முதல் இதழில் ஒரு பேராயரைத் தொட்டார்கள். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்று இருவரையும் சபித்தார். அந்த வாரம் பென்ஃபோல்டுக்கு இருந்த சந்தோஷம் அவருடைய கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மூன்றாம் வருஷம் பணமில்லாமல் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அச்சகக்காரர் புல்லார்ட் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்ல காகிதம் கொடுத்தார், வெளிச்சமான அறை கொடுத்தார், எந்த நகைச்சுவையைச் சொன்னாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், புதன்கிழமைதோறும் ஆட்டுக்கறியும் ஒயினுமாக விருந்து வைத்தார். அடுத்த இதழின் பெரிய படம் எது என்று அந்த விருந்தில்தான் முடிவாகும். வாயில் கறியை வைத்துக்கொண்டு யாரையும் கடுமையாகத் திட்ட முடியாது என்பது பென்ஃபோல்டுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. "இது குடும்பத்தோட உக்காந்து படிக்கிற பத்திரிகை, ஓய்" என்பார் புல்லார்ட். ஒவ்வொரு தடவை அவர் அப்படிச் சொல்லும்போதும் பத்திரிகைக்கு ஒரு பல் விழும்.

பல் விழுந்ததும் ஊருக்குப் பிடித்துவிட்டது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டுமென்று மந்திரிகள் வரிசையில் நின்றார்கள். யாரைக் கேலி செய்தாலும் அடுத்த வாரம் அவருடைய காரியதரிசி கடிதம் போடுவார்: ஐயா அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்றைத் தம் படிப்பறையில் மாட்ட ஆசைப்படுகிறார். ஒரு பிரபு, மூக்கை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டார். மிச்ச நேரமெல்லாம் வாசகர்கள் தபாலில் அனுப்பும் நகைச்சுவைகளை வாசிப்பதில் போயிற்று. குடையைத் தொலைத்த பாதிரியார், மாமியாரை ரயிலில் மறந்துவிட்டு வந்த மருமகன். வாரம் இருநூறு கடிதம், அதே பாதிரியார், அதே குடை. ஊரை அரிக்க வைக்கக் கிளம்பியவர் ஊருக்கு முதுகு சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

சர் ஜெர்வஸ் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பழைய சூடு கொஞ்சம் திரும்பியது. ஆற்றுக்குத் தெற்கே ஒரு தண்ணீர்க் கம்பெனி, சாக்கடை விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்து வீடு வீடாக விற்றது. அந்தக் கோடையில் ஒரே தெருவில் முப்பத்தோரு பேர் காலராவில் போய்ச் சேர்ந்தார்கள். கம்பெனியின் தலைவர் சர் ஜெர்வஸ் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, அந்தத் தண்ணீர் தேன்போல இருக்கிறது என்றார். அவர் வீட்டுக்கு மலையூற்றுத் தண்ணீர் பீப்பாயில் வருகிறது என்பது அவர் சமையல்காரிக்குத் தெரியும், அவள் மூலமாக ஊருக்கே தெரியும்.

விருந்தில் பென்ஃபோல்ட் சொன்ன படம் இது: சர் ஜெர்வஸ் சந்தைக் கடைக்காரன் மாதிரி முன்துணி கட்டிக்கொண்டு ஒரு பெண்ணுக்குக் குடத்திலிருந்து ஊற்றுகிறார். குடத்தின் மேல் கம்பெனியின் பெயர். பின்னால் சவப்பெட்டிக் கடைக்காரன் தொப்பியைக் கழற்றி அவருக்கு நன்றி சொல்கிறான்.

"சவப்பெட்டி வேண்டாம், ஓய்" என்றார் புல்லார்ட். "சாப்பிடறப்ப யாருக்குப் பிடிக்கும்? கம்பெனி பேரும் வேண்டாம். வழக்குப் போடுவான்."

"முகமாவது இருக்கலாமா?" என்றார் பென்ஃபோல்ட்.

"முகம் தாராளமா இருக்கட்டும். முகத்தால யாருக்கு வயித்தைக் கலக்கப்போகுது?"

ஆகவே முகமும் குடமும் மிஞ்சின. கீழே ஒரு வரி: 'புதுச் சரக்கு, அம்மா. இன்னைக்குக் காலையிலதான் ஆத்துலேர்ந்து வந்துச்சு.'

அந்த முகத்தில்தான் வில்லங்கம் வந்தது. படம் நேரே மரக்கட்டையில் வரையப்படுகிறது. கட்டையில் இடம் வலமாக இருந்தால்தான் தாளில் வலம் இடமாக, சரியாக விழும். டிப்பெட் வரைந்து முடித்ததும் கட்டையை ஆறு துண்டாகக் கழற்றி ஆறு செதுக்குகாரர்களிடம் கொடுப்பார்கள். ஒருவன் கையில் முகம் மட்டும் இருக்கும், இன்னொருவன் கையில் பாதிக் குடமும் ஒரு செருப்பும். இருக்கிற கோட்டைச் செதுக்குவதோடு அவர்கள் வேலை முடிந்தது. முழுப் படத்தையும் ஒன்றாகப் பார்க்கிற முதல் ஆள் ஆசிரியர்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. லண்டனில் வசதியான ஆண்கள் ஐம்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி வந்துவிடுகிறது. வழுக்கை, காதிலிருந்து இறங்கும் அடர்ந்த கிருதா, கழுத்தை விழுங்கிய தாடை. ஆளைக் காட்ட ஒரு கண்ணுக்கு மட்டும் மாட்டும் கண்ணாடியோ மருவோ இருந்தால் படக்காரன் பிழைத்தான். சர் ஜெர்வஸுக்கு மூக்கை ஒட்டி இடது கன்னத்தில் மரு. புல்லார்டுக்கும் மூக்கை ஒட்டித்தான் மரு, வலது கன்னத்தில்.

வியாழக்கிழமை காலை லட்கேட் முனையில் பத்திரிகை விற்கும் பெக் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"ஐயா, உங்க துணிச்சல் யாருக்கு வரும்" என்றாள். "சொந்த முதலாளியவே தண்ணி விக்க வச்சிட்டீங்களே."

"அது சர் ஜெர்வஸ், பெக்."

"எந்த சர்ரு? உங்க முதலாளி தெனம் இந்த வழியாத்தான வண்டியில போறாரு. அந்த மருவ எனக்குத் தெரியாதா? ஒம்பது மணிக்குள்ள ரெண்டு கட்டு காலி. இன்னொரு கட்டு அனுப்பச் சொல்லுங்க."

"சிரிக்கிறாங்களா?"

பெக் யோசித்தாள். "சிரிச்சவங்க சிரிச்சாங்க. மீன்காரி மார்த்தா ஆத்துக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து வர்றவ. அவ சிரிக்கல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஒண்ணு வாங்கி மடிச்சு முன்துணிக்குள்ள சொருகிட்டுப் போயிட்டா."

பென்ஃபோல்டுக்கு நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு ஏற்பட்டது. அது என்னவென்று அடையாளம் கண்டுகொள்வதற்குள் டிப்பெட் ஞாபகம் வந்துவிட்டது. அலுவலகத்துப் படியை ஒவ்வொன்றாக ஏறினார்.

டிப்பெட் ஆசிரியர் அறையில்தான் நின்றுகொண்டிருந்தார். நடுப்பக்கத்தைக் கிழித்து, சுவரில் மாட்டியிருந்த முகக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மட்டும் மரு சரியான இடத்தில் இருந்தது.

"பலகையும் கட்டையுமா முப்பத்தஞ்சு வருஷம், எட்மண்ட்" என்றார் திரும்பாமலே. "ஒரு வாளு, ஒரு பொத்தான், ஒரு எழுத்து எனக்கு இடம் மாறினதில்ல."

"விடுப்பா."

"எப்படி விடறது? நேத்து வேலைக்குச் சேந்த பயகூட இந்தத் தப்பப் பண்ண மாட்டான். வெள்ளிக்கிழமை முகம் திருப்தியா வரலன்னு தேய்ச்சிட்டு ரெண்டாவது தடவ போட்டேன். அப்பத்தான் ஆயிருக்கு. மருவ மட்டும் நேரா போட்டுட்டேன்." தாளை மடித்தார். "நீ பாத்திருந்தா பிடிச்சிருப்ப. உன் கண்ணுக்கும் தப்பிடுச்சு. நமக்கு வயசாயிடுச்சுப்பா. என்ன சொல்ற?"

"ஆமா" என்றார் பென்ஃபோல்ட்.

ஒரே ஒரு வார்த்தைதான். சொன்னதும் வெட்கமாக இருந்தது. சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்து தபாலைப் பிரித்தார். முதல் கடிதத்திலேயே பாதிரியார் குடையைத் தொலைத்திருந்தார்.

மத்தியானம் புல்லார்ட் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. கதவைத் தானே சாத்தினார். பத்தொன்பது வருஷத்தில் அவர் சிரிக்காமல் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"யாரு சொன்னது உமக்கு?" என்றார்.

"எதை?"

"நடிக்காதீர் ஓய். பங்கு விஷயத்தை. வாங்கினது என் மச்சினன் பேர்ல. என் பொண்டாட்டிக்கே தெரியாது. உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது. பென்ஃபோல்ட் டிப்பெட்டைப் பார்த்தார், டிப்பெட் பென்ஃபோல்டைப் பார்த்தார்.

"முதலாளி" என்றார் டிப்பெட் மெதுவாக, "நீங்க அந்தத் தண்ணிக் கம்பெனியில பங்கு வச்சிருக்கீங்களா?"

புல்லார்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வெளுத்து, மரு மட்டும் சிவப்பாக நின்றது. படத்தில் இருந்ததைவிட அது கொஞ்சம் சின்னதுதான்.

"தெரியாதா உங்களுக்கு?"

"இப்பத் தெரியும்" என்றார் பென்ஃபோல்ட்.

"கிளப்புல காலையில சாப்பிட்டுட்டு இருக்கேன். சர் ஜெர்வஸ் எழுந்து என் மேசைக்கு வர்றான். எல்லாரும் பாக்கறாங்க. என் கையைப் பிடிச்சுக் குலுக்கறான். 'தத்ரூபமா இருக்கீங்க புல்லார்ட், கம்பெனிக்கு நல்ல விளம்பரம்'ங்கறான். சமையல்கட்டு ஆள் எட்டிப் பாத்துட்டுச் சிரிக்கிறான் ஓய்." கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். "முப்பத்தோரு பேர நான் கொன்ன மாதிரி பாக்கறாங்க. நான் என்ன, குழாய்ல நின்னு ஊத்தினேனா?"

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருஷமாக மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தவருக்கு, படத்துக்கு உள்ளேயிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கொஞ்ச நேரத்தில் வியாபாரி அவருக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"தப்பு யாரோடது?"

"என்னோடதுதான் முதலாளி" என்றார் டிப்பெட்.

"அப்ப நீர் இன்னியோட கிளம்பும். பென்ஃபோல்ட், அடுத்த இதழுக்கு அறிவிப்பு எழுதும். மரு இடம் மாறினது படக்காரர் சைலஸ் டிப்பெட் கவனக்குறைவு, படத்துல இருக்கறது சர் ஜெர்வஸ், தப்பு பண்ணினவரை விலக்கியாச்சு. பேரு தெளிவா வரணும். இப்பவே எழுதும், கையோட எடுத்துட்டுப் போறேன்."

டிப்பெட் தன் மேலங்கியை ஆணியிலிருந்து எடுத்தார். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கைக்குத் துளை அகப்படவில்லை, துணிக்குள் தேடிக்கொண்டே நின்றார்.

பென்ஃபோல்ட் தாளை எடுத்து வைத்தார். மூன்று வரி அறிவிப்பு. அவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வேலை. எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். இந்த அறை இருக்கும், நாற்காலி இருக்கும், புதன்கிழமை ஆட்டுக்கறி இருக்கும். டிப்பெட் மட்டும் இருக்க மாட்டார். இனி எந்த ஊரில் எந்தக் கட்டையைத் தொட்டாலும் அவர் காதுபட யாராவது மருவைப் பற்றிப் பேசுவார்கள். பென்ஃபோல்டுக்குப் பயமாக இருந்தது. அறுபத்தோரு வயதில் இந்த மேசையை விட்டால் அவருக்கும் போக்கிடம் கிடையாது. 'சென்ற இதழில்' என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"நான் பாத்தேன்" என்றார்.

"எதை?"

"மருவை. சனிக்கிழமையே மாதிரிப் பிரதியில பாத்தேன். பாத்துட்டுத்தான் 'சரி'ன்னு எழுதினேன். கையெழுத்தோட தாள் உங்க அச்சகத்துலதான் இருக்கும், எடுத்துப் பாருங்க. படக்காரர் கை தவறும். அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

டிப்பெட்டின் கை மேலங்கிக்குள் அப்படியே நின்றது.

"பாத்துட்டு ஏன் விட்டீர்?" என்றார் புல்லார்ட்.

"களைப்பா இருந்துச்சு."

"ஒரு வட்டம் போட முடியாத களைப்பா?"

"ஆமாங்க."

புல்லார்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது. டிப்பெட்டின் படத்துக்காகத்தான் ஊர் பத்திரிகையை வாங்குகிறது. எழுத ஆசைப்படுகிற பட்டதாரிகள் ஃப்ளீட் தெருவில் விளக்குக் கம்பத்துக்கு ஒருவராக நிற்கிறார்கள்.

"அப்ப அறிவிப்புல உம்ம பேரப் போடுவேன்" என்றார். "நீர் போகலாம். இவரு இருக்கட்டும்."

"போங்கன்னா போறேன். ஆனா அறிவிப்பு போடாதீங்க."

"ஏன்?"

"லண்டன்ல உங்க மூஞ்சி தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருப்பான். மிச்சவங்க அது சர் ஜெர்வஸ்னுதான் நினைச்சிட்டிருக்காங்க. 'படத்துல இருக்கறது புல்லார்ட் இல்லை'ன்னு நீங்களே போட்டா, அவங்களும் புல்லார்ட் யாருன்னு விசாரிப்பாங்க."

புல்லார்ட் கன்னத்து மருவைத் தடவிக்கொண்டார். "அது சரிதான்" என்றார். பத்தொன்பது வருஷத்தில் ஆசிரியர் சொன்னதை அவர் ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். எழுந்து, கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பென்ஃபோல்ட் மேசையைக் காலி செய்யத் தொடங்கினார். பேனாக்கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பேராயர் சபித்த முதல் இதழ். பெரிதாக ஒன்றும் சேரவில்லை. டிப்பெட் மேலங்கியைப் பாதி போட்டபடியே ஜன்னலோரம் நின்றார். நன்றி சொல்வார் என்று பென்ஃபோல்ட் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது பேசுவார் என்று நினைத்தார்.

"உன் வேலை தப்பிச்சுது" என்றார் கடைசியில் பென்ஃபோல்ட் தானாகவே.

"சனிக்கிழமையே பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"காலையிலேர்ந்து இங்க நின்னு எனக்கு வயசாயிடுச்சு, கண்ணு போச்சுன்னு பொலம்பிட்டிருக்கேன். நீ பாட்டுக்கு 'ஆமா'ங்கற."

பென்ஃபோல்ட் கையிலிருந்த முதல் இதழைத் திரும்பவும் மேசைமேல் வைத்தார்.

"கட்டையில மருவத் தோண்டி எடுத்துட்டு, ரெண்டு கன்னத்துலயும் சின்ன ஆப்பு அடிச்சு, புதுசா செதுக்கினா முடிஞ்சுது" என்றார் டிப்பெட். குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அரை மணி நேர வேலை. சனிக்கிழமை நான் வீட்டுலதான் இருந்தேன். ஒரு ஆள அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேன். புல்லார்டு என்னைத் துரத்தறது கெடக்கட்டும், எட்மண்ட். எனக்குன்னு இருந்தது இந்தக் கை ஒண்ணுதான். அது தவறினத நீ பாத்திருக்க. பாத்துட்டு ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்திருக்க. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

களைப்பு என்று சொல்ல பென்ஃபோல்ட் வாயெடுத்தார். முதலாளிக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. ஐந்து நாளாகத் தனக்கே அது போதுமாக இருந்தது. இந்த மனிதருக்குப் போதாது. சனிக்கிழமை அந்த மாதிரிப் பிரதியை வைத்துக்கொண்டு அவர் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வலது கன்னத்தில் மருவோடு குடத்தைச் சாய்க்கும் அந்த முதலாளி முகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். களைத்துப்போனவன் அப்படிப் பார்ப்பதில்லை.

"சொல்லியிருந்தா நீ மாத்தியிருப்ப" என்றார் பென்ஃபோல்ட். "அதனாலதான் சொல்லல."